சேத்தூர் மலைக்குத் தெற்கே

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'விமானமும் விண்வெளியும், அன்றும் இன்றும்'. ரைட் சகோதரர்களில் ஆரம்பித்துச் சந்திரயானில் முடித்துவிடுங்கள் சார், இருபது நிமிஷம் என்றார். அது முடிகிற காரியமா? அந்த விவரமெல்லாம் நூலகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். நான் சேத்தூரில் பிறந்தவன். இதே கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்து, மதுரையில் எம்.எஸ்ஸி. முடித்து, திரும்ப இங்கேயே வந்து பௌதிகம் நடத்தி ரிட்டயர் ஆனவன். ஆகவே சேத்தூரிலிருந்து பார்த்தால் அந்த வானம் எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அதில் என்னுடைய தப்பு ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்வதற்காகத்தான் இந்த மேடையை ஒப்புக்கொண்டேன்.

1960களின் நடுவில் நான் சின்ன வகுப்பு மாணவன். ஒரு நாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். கண்மாய்க் கரையில் விளையாடிக்கொண்டிருந்தோம். தென்மேற்கே, மலைக்கு மேலே வெகு உயரத்தில், திடீரென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று. முதலில் கயிறு மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளைந்து நெளிந்து, பஞ்சு பிரிகிற மாதிரி விரிந்து, மேகமாகிவிட்டது. ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. என் பாட்டி, "இது நல்லதுக்கு இல்லப்பா, மழை தப்பும்" என்று சொல்லி எங்களை உள்ளே இழுத்துப் போட்டாள். காட்டுத்தீயின் வெளிச்சம் என்றார் ஒருவர். சண்டை வரப்போகிறது என்றார் இன்னொருவர்.

மறுநாள் வகுப்பில் எங்கள் வாத்தியார்தான் சொன்னார். மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்று ஒரு கடற்கரைக் கிராமம், அங்கேயிருந்து ராக்கெட் விடுகிறார்கள், அது வானத்தில் போய் சோடியம் ஆவியைத் தூவுகிறது என்று. தரையில் இருட்டிவிட்டாலும் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் இருக்கும் அல்லவா? அந்த வெயில் பட்டு சோடியம் ஒளிர்கிறது. அந்த மேகம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று படம் பிடித்தால் அந்த உயரத்துக் காற்றைக் கணக்கிடலாம்.

தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21ந் தேதி போனது. அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட், பிரான்ஸ் நாட்டின் சோடியம் ஆவிக் கருவி. ஏன் தும்பா? பூமியின் காந்த நடுக்கோடு அந்தக் காலத்தில் அதை ஒட்டிப் போனது. திசைகாட்டி ஊசியை நடுவில் கட்டித் தொங்கவிட்டால், முனை சாயாமல் படுக்கைவாட்டில் நிற்கிற இடம் அது. அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் பட்டையாக ஓடுகிறது. அதை ஆராய உலகத்திலேயே வாகான இடங்களில் ஒன்று தும்பா. அங்கே இருந்த மேரி மகதலேனா தேவாலயத்தையும் மீனவர் குடியிருப்பையும் விஞ்ஞானிகள் கேட்டபோது, பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா சபை மக்களிடம் எடுத்துச் சொல்லிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். ஆலயம் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் மூக்குப் பகுதியை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற அந்தப் போட்டோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஆக, இந்திய விண்வெளியின் ஆரம்பம் எங்கள் கண்மாய்க் கரையிலிருந்தே தெரிந்தது. இதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பௌதிகம் படித்தேன் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். அந்த நான் பிறகு என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

1988, ஜூலை மாதக் கடைசி. மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டுப் போன ஒரு மாணவர் என் வீட்டுக்கு வந்தார். அவர் இன்று இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்லவேண்டாம் சார் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. முதல் வகுப்பில் தேறியவர். லேப்பில் கை சுத்தம். வெர்னியரை அவர் வாசித்தால் நான் சரிபார்க்க மாட்டேன். கையில் ஒரு பேப்பர் கட்டிங் வைத்திருந்தார். விண்வெளித் துறையில் உதவியாளர் வேலைக்கான விளம்பரம். நன்னடத்தைச் சான்றிதழில் கையெழுத்து வேண்டும் என்றார்.

கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஏம்ப்பா, பேப்பர் பாத்தியா? போன வருஷம் விட்டதும் கடல்ல, இந்த மாசம் விட்டதும் கடல்ல. அதெல்லாம் பெங்களூர், பம்பாய்ல இங்கிலீஷ்ல படிச்சு வந்தவங்களுக்கு. நமக்கு எதுக்கு? பேசாம பி.எட். படிச்சுட்டு ஒரு ஸ்கூல்ல உக்காரு" என்றேன்.

நான் சொன்ன செய்தி பொய்யில்லை. ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட் 1987 மார்ச் 24லும் 1988 ஜூலை 13லும் தோற்றது உண்மை. "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். பி.எட். கிடைக்கவில்லை. அப்பாவின் தறியைப் பார்த்துக்கொண்டார். இன்று சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற பவர்லூம் வைத்து நன்றாக இருக்கிறார். நானும் அதை மறந்துபோனேன்.

2023 ஆகஸ்ட் 23. சேத்தூர் பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் டி.வி. ஓடுகிறது. சாயங்காலம் ஆறு மணி நாலு நிமிஷத்துக்குச் சந்திரயான்-3 நிலாவில் இறங்கிற்று. கடையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். வடை போடுகிறவர் கரண்டியால் சட்டியைத் தட்டினார். எனக்குப் பக்கத்தில் நம் மாணவர். தலை நரைத்துவிட்டது. டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"சார், நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த சர்டிபிகேட் இன்னும் வீட்ல இருக்கு சார். அந்த அப்ளிகேஷன நான் போஸ்ட் பண்ணவே இல்ல."

"ஏம்ப்பா?"

"நீங்கதான சார் சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னார். டீக்கு அவரே காசு கொடுத்தார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

போட்டிருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ பேர் போட்டிருப்பார்கள். கிடைக்காமலே போயிருக்கலாம். ஆனால் தேர்வுக் குழு சொல்ல வேண்டிய 'இல்லை'யை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் சொல்லிவிட்டேன். எந்தத் தகவலை வைத்துச் சொன்னேன் என்று அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். தேடத் தேட என் அறியாமைதான் பெரிதாகிக்கொண்டே போனது.

முதலில் ஒரு மேப்பை எடுத்தேன். சேத்தூரில் பென்சிலை வைத்து நேர் தெற்கே கோடு இழுத்தேன். நம் மலைத் தொடரின் ஓரமாகவே போய், பறவைக் கணக்கில் சுமார் 110 கிலோமீட்டரில் மகேந்திரகிரி வருகிறது. காவல்கிணறு, பணகுடிப் பக்கம். நமக்கு மேற்கே தெரிகிற அதே மலையின் தெற்குக் கோடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மலையடிவாரத்தில்தான் 1980களின் பிற்பகுதியில் திரவ எரிபொருள் எஞ்சின்களுக்கான சோதனை நிலையத்தை அமைத்து ஓட்ட ஆரம்பித்தார்கள். அதாவது, நான் 'பெங்களூர், பம்பாய்' என்று சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில்! இன்றைக்கு அதன் பெயர் இஸ்ரோ உந்துவிசை வளாகம். 2014லிருந்து தனி மையம்.

அடுத்து மனிதர்கள். சேத்தூர் வழியாகப் போகிற கொல்லம் ரோட்டில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் செங்கோட்டை. சூரியனை ஆராயப் போன ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி அந்த ஊர்க்காரர். செங்கோட்டை அரசுப் பள்ளி, பிறகு திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி. அவர் இஸ்ரோவில் சேர்ந்தது 1987ல். நான் என் மாணவருக்குப் புத்தி சொன்னது 1988ல். ஒரே ரோடு, ஒரு வருஷம் வித்தியாசம். ஆதித்யா 2023 செப்டம்பர் 2ந் தேதி கிளம்பி, 2024 ஜனவரி 6ந் தேதி, பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டரில் இருக்கிற தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னும் தெற்கே போனால், நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளைக்காரர் சிவன். தமிழ் மீடியம் பள்ளி, நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம், அதற்குப் பிறகுதான் சென்னை எம்.ஐ.டி. 1982ல் இஸ்ரோவில் சேர்ந்து 2018ல் தலைவரானார். அதே மாவட்டத்து மேலகாட்டுவிளைக்காரர் வி. நாராயணன். மெக்கானிக்கல் டிப்ளமா படித்துவிட்டு வேலைக்குப் போனவர், 1984ல் இஸ்ரோவுக்கு வந்தார். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் படிப்பெல்லாம் பிறகு படித்தது. 2025 ஜனவரியில் அவரும் இஸ்ரோ தலைவர் பொறுப்புக்கு வந்தார். டிப்ளமா மாணவர்கள் யாரும் இங்கே இருந்தால் இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

இவர்களெல்லாம் விதிவிலக்கு சார் என்று சொல்வீர்கள். சரி, மனிதர்களை விட்டுவிடுவோம். வேலைக்கு வருவோம். அங்கே என்னதான் வேலை நடக்கிறது? இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசை. ராஜபாளையம் வட்டாரத்தில் மில்லையும் தறியையும் பார்க்காத குடும்பம் உண்டா? அதனால் உங்களுக்குச் சொல்வது சுலபம்.

'விகாஸ்' என்று ஒரு எஞ்சின். பிரான்ஸ் நாட்டின் 'வைக்கிங்' எஞ்சின் நுட்பத்தை 1974ல் ஒப்பந்தம் போட்டு வாங்கினார்கள். அதற்குப் பதிலாக நம் பொறியாளர்கள் பிரான்ஸுக்குப் போய் வேலை செய்து கொடுத்தார்கள். உழைப்பைக் கொடுத்து வித்தையை வாங்கியது என்று சொல்லலாம். அந்தக் குழுவை நடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்து, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்த நம்பி நாராயணன். 1994ல் அவர்மீது உளவு வழக்குப் போட்டுச் சிறையில் வைத்தார்கள். வழக்கில் உண்மையில்லை என்று சி.பி.ஐ. 1996ல் சொன்னது. 2018ல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2019ல் பத்மபூஷண். அந்த இருபத்தைந்து வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அது வேறு கதை, இங்கே நிறுத்துகிறேன்.

விகாஸில் எரிபொருளும் ஆக்ஸிஜன் தருகிற திரவமும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம். அதில் கஷ்டம் என்னவென்றால், ஒரு சொட்டு கசிந்தாலும் ஆபத்து. பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் ஒரு விகாஸ். சந்திரயான்-3ஐத் தூக்கிக்கொண்டு போன எல்.வி.எம்.-3 ராக்கெட்டில் இரண்டு விகாஸ். நாம் டீக்கடையில் கைதட்டிய சங்கதிக்குள் மகேந்திரகிரியில் வளர்ந்த எஞ்சின் இருந்தது.

விகாஸையும் தாண்டியது கிரையோஜெனிக். திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்ஸிஜனும். ஆக்ஸிஜன் மைனஸ் 183 டிகிரியில் திரவமாகிறது, ஹைட்ரஜன் மைனஸ் 253. ஏன் இந்தப் பாடு? ஒரு கிலோ எரிபொருளுக்குக் கிடைக்கிற உந்தம் விகாஸைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கனமான செயற்கைக்கோளை மேலே கொண்டுபோக இதுதான் வழி. ஆனால் திரவ ஹைட்ரஜன் ஒரு லிட்டர் வெறும் 70 கிராம் எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பஞ்சுப் பொதி மாதிரி இடத்தை அடைக்கும், எடை இருக்காது. டாங்க் பெரிதாகிவிடும். கொஞ்சம் சூடு பட்டாலும் ஆவியாகிவிடும்.

மில்லில் ரிங் பிரேமில் வேலை பார்க்கிறவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். ஸ்பின்டில் நிமிஷத்துக்கு எவ்வளவு சுற்று? பதினெட்டாயிரம், இருபதாயிரம். ஒரு ஸ்பின்டில் ஆட்டம் கொடுத்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். கிரையோஜெனிக் எஞ்சினின் பிரதான பம்ப் நாற்பதாயிரம் சுற்று அளவில் சுற்றுகிறது. ஒரு பக்கம் சூடான வாயு டர்பைனைச் சுற்றுகிறது, அதே தண்டில் சில அங்குலம் தள்ளி மைனஸ் 253 டிகிரித் திரவத்தைப் பம்ப் தள்ளுகிறது. ஒரு முனையில் அடுப்பு, மறு முனையில் ஐஸைவிட இருநூற்றைம்பது டிகிரி குளிர்ந்தது. நடுவில் பேரிங்கும் சீலும் தாங்க வேண்டும். பேரிங் மாற்றிய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

இந்த நுட்பத்தை ரஷ்யாவிடம் வாங்க 1991ல் ஒப்பந்தம் போட்டார்கள். 1992ல் அமெரிக்கா தடை விதித்தது. 1993ல் ரஷ்யா பின்வாங்கி, எஞ்சின் தருகிறோம், செய்கிற வித்தையைத் தரமாட்டோம் என்றது. செய்து முடித்த அடுக்குகள் ஏழு மட்டும் வந்தன. சரி, நாமே செய்வோம் என்று ஆரம்பித்தார்கள். எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு முதல் ராக்கெட் 2010 ஏப்ரல் 15ந் தேதி போனது. கீழே இருந்த அடுக்குகள் ஒழுங்காக வேலை செய்தன. கிரையோஜெனிக் எஞ்சின் பற்றவைக்கிற நேரத்தில், ஹைட்ரஜனைப் பிரதான பம்புக்குத் தள்ளிக் கொடுக்கிற சின்ன பூஸ்டர் பம்ப் நின்றுபோயிற்று. ராக்கெட் கடலில் விழுந்தது.

1988ல் இருந்த நானாக இருந்தால், "பாத்தியா, மறுபடியும் கடல்ல" என்றிருப்பேன். அவர்கள் என்ன செய்தார்கள்? திரும்ப மகேந்திரகிரிக்குப் போனார்கள். அந்தச் சின்ன பம்பைப் பிரித்து, எங்கே இறுகியிருக்கலாம், குளிரில் எந்தப் பாகம் எவ்வளவு சுருங்கும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எஞ்சின் பற்றவேண்டியது மேலே, காற்றில்லாத இடத்தில். தரையில் பற்றுகிறது என்பதால் மேலே பற்றும் என்று சொல்ல முடியாது. அதற்காக மலையடிவாரத்திலேயே காற்றை உறிஞ்சி எடுத்து விண்வெளி மாதிரி ஆக்குகிற ஒரு சோதனைக்கூடம். அதில் வைத்து 2013ல் பற்றவைத்துப் பார்த்தார்கள்.

அதே 2013 ஆகஸ்ட் 19. ராக்கெட் தளத்தில் நிற்கிறது, எரிபொருள் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கிளம்ப 74 நிமிஷம் இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவு. இந்த முறை கிரையோஜெனிக் பாகத்தில் கோளாறே இல்லை, பழகிய பாகத்தில். டாங்க் செய்த அலுமினியக் கலவையில் நாளாவட்டத்தில் நுண்ணிய விரிசல் விழுகிற குணம் இருந்தது. வேறு கலவையில் புது டாங்க் செய்து, அந்த அடுக்கையே மாற்றினார்கள். 2014 ஜனவரி 5ந் தேதி மாலை 4.18க்குக் கிளம்பியது. கிரையோஜெனிக் எஞ்சின் பன்னிரண்டு நிமிஷம் நின்று எரிந்தது. ஜிசாட்-14 போய்ச் சேர்ந்தது.

மேலே போன அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைவிட, போகாமல் நிறுத்திய அந்த 74 நிமிஷம்தான் எனக்குப் பிடித்த கட்டம். உலகமே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "கசியுது, நிறுத்து" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அதைச் சொல்ல முதலில் மீட்டரைச் சரியாக வாசிக்கத் தெரிய வேண்டும். நம் மாணவர் வெர்னியர் வாசித்த கையை நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் யாரோ விமானம் எங்கே என்று கேட்கிறீர்கள். செயலாளர் தலைப்பில் இருக்கிறதே! ஒன்று சொல்லிவிடுகிறேன். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 டிசம்பர் 17. ஏழு வருஷம்கூட ஆகவில்லை, 1910ல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு விமானம் எழும்பியது. பறந்தவர் பெரிய விஞ்ஞானி இல்லை. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்ற கோர்சிகா தீவுக்காரர். விமானத்தைக் கட்டிக் கொடுத்தது குதிரை வண்டி செய்துகொண்டிருந்த சிம்ப்ஸன் கம்பெனி. மரமும் துணியும் தெரிந்த தச்சர்கள்தான் செய்திருப்பார்கள். 1932 அக்டோபரில் டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினாரே, அதே தபாலை நெவில் வின்சென்ட் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இதற்கு மேல் விமானம் பற்றிச் சொல்ல எனக்கு நேரமில்லை, மன்னிக்கவும்.

தச்சர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சந்திரயான் நிலாவில் இறங்கிப் பழக நிலா மண் வேண்டும். எங்கே போவது? நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறை, நிலாவின் மேட்டு நிலப் பாறையை ஒத்த அனார்த்தசைட் வகை. அதை டன் கணக்கில் எடுத்து, அரைத்து, பெங்களூரில் பரப்பி அதன்மேல் சோதனை செய்தார்கள். கிரஷர் ஓட்டியவர்களுக்கும் லாரி ஓட்டியவர்களுக்கும் சந்திரயானில் பங்கு உண்டு. விண்வெளி என்றால் விஞ்ஞானி மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். வெல்டிங், வால்வு, பேரிங், வயரிங், அளவெடுப்பு, கணக்கு, ஸ்டோர்ஸ் என்று அங்கே நடக்கிற வேலையில் பெரும்பகுதி நமக்குத் தெரிந்த வேலையின் அண்ணன் தம்பிதான்.

இனி நடக்கப்போவது. 2024 பிப்ரவரி 28ந் தேதி தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே ஒரு சின்ன ரோகிணி ராக்கெட்டையும் விட்டுப் பார்த்தார்கள். நாமெல்லாம் தசராவுக்கு வேஷம் கட்டிக்கொண்டு போகிற அதே குலசை. ஏன் அங்கே? துருவங்களைச் சுற்றுகிற செயற்கைக்கோளை நேராகத் தெற்கே அனுப்ப வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கே வருகிறது. அதனால் ராக்கெட் முதலில் கிழக்கே ஒதுங்கி, பிறகு திரும்பிப் போகிறது. மதுரைக்குப் போக தூத்துக்குடி சுற்றிப் போகிற மாதிரி. பெரிய ராக்கெட் அந்தச் சுற்றைத் தாங்கும். ஐந்நூறு கிலோ சுமக்கிற எஸ்.எஸ்.எல்.வி. மாதிரிச் சின்ன ராக்கெட்டுக்கு அந்த எரிபொருளே பெரிய நஷ்டம். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே தடையில்லாத கடல். நேராகப் போகலாம். நம் மகேந்திரகிரியும் பக்கம்.

நிலத்தைக் கொடுத்தவர்களின் கஷ்டம், மீன் பிடிக்கப் போகிறவர்களின் கவலை இதெல்லாம் இல்லாமல் இல்லை. ஏவுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்றால் அன்றைய சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று அவர்கள் கேட்பது நியாயம். தும்பாவில் பிஷப் ஒருவர் உட்கார்ந்து பேசினார். இங்கேயும் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும்.

சேத்தூரிலிருந்து தென்கிழக்கே சுமார் 125 கிலோமீட்டர். அந்தத் தளம் ஓட ஆரம்பித்தால், வானம் வெளுப்பாக இருக்கிற ஒரு சாயங்காலத்தில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே புகைக் கோடு தெரியும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். பாட்டி இல்லை, உள்ளே இழுத்துப் போட.

கடைசியாக ஓர் அறிவிப்பு, இது செயலாளர் சொல்லச் சொன்னது. தும்பாவின் அந்தப் பழைய தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். அடுத்த மாதம் மூன்றாம் சனிக்கிழமை, இயற்பியல் துறை மாணவ மாணவியர் இருபத்துநாலு பேரைச் செங்கோட்டை, தென்மலை வழியாக வேனில் அழைத்துப் போக ஏற்பாடு. அடையாள அட்டை அவசியம். விடியற்காலை மூன்று மணிக்குக் கல்லூரி வாசலில் இருக்க வேண்டும். வேன் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சத்திரப்பட்டிக்காரர் ஒருவருடையது. பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்தான். அவரும் வருகிறார்.

பெயர் கொடுக்க வேண்டியவர்கள் ஆபீஸில் கொடுங்கள். வேனில் முன் சீட் ஒன்றை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள். அறுபது வருஷமாகத் தும்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேனே தவிர, இன்றுவரை போய்ப் பார்த்ததில்லை.